காதறுந்த செருப்புக் கறை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு சுவரின் கதை சொல்லப் போகிறேன். நன்றாக இருக்கிறது, திடமாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்ன சுவர். ஆனால் அந்த எல்லாரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. அதெப்படி என்று நெற்றியைச் சுருக்காதீர்கள், சொல்கிறேன்.

நம் பெரியவளைப் போன வாரம் கம்ப்யூட்டர் முன்னால் சிரித்த முகத்தோடு விட்டுவிட்டு வந்தோம். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் கேமராக்காரர். உயரமான புகைபோக்கிகளுக்குள்ளும் கிடங்குகளுக்குள்ளும் ஆள் இறங்கும் முன், விளக்குக் கட்டிய கேமராவைக் கயிற்றில் இறக்கி உள்சுவரைப் படம் பிடிப்பவர். தம்பி அதே கயிற்றில் தானே இறங்கி, சுவரில் படிந்த கரியைச் சுத்தியலால் தட்டிப் பெயர்ப்பவன். சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வதால் ஊரே அவனைப் பல்லி என்று கூப்பிடும்.

அண்ணன் மனைவிதான் பெரியவள். அவர் கொண்டுவரும் இருட்டுப் படத்தை வெளிச்சமாக்கி, கொசு மொய்ப்பதுபோல் மினுங்கும் புள்ளிகளைத் துடைத்து, மேலிருந்து எத்தனையாவது மீட்டர் என்ற எண்ணை ஓரத்தில் ஓடவிட்டு முடித்துக் கொடுப்பது அவள் வேலை. அதைப் பார்த்து அந்தந்த இடத்துப் பொறியாளர் தலையாட்டினால்தான் பல்லி உள்ளே இறங்குவான். தம்பி மனைவி சின்னவள். இந்த வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

பெரியவளின் கம்ப்யூட்டரில் படத்தை வேகமாக ஓட்டித்தரும் பழைய கிராபிக்ஸ் கார்டு கருகிப்போனதும், "இனிமே எடிட்டிங்கை வெளியே குடுத்துடலாம், உனக்கும் ஓய்வு" என்று கேமராக்காரர் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஓய்வு என்ற அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த அறை அவளுடையது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவளுக்கு யாரும் வேலை ஏவ முடியாது. விடாப்பிடியாக நின்று புதுக் கார்டு ஒன்றை வாங்கி வந்தாள்.

வாங்கியது புதுசு, ஆனால் வீட்டில் இருந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் பழசு. அதற்கு இந்தக் கார்டு யாரென்றே தெரியவில்லை. கார்டின் துணையோடு வேகமாக ஓட்டும் வசதிக்கான பொத்தான் திரையில் வெளுத்துப்போய், எத்தனை தடவை தட்டினாலும் அசையாமல் கிடந்தது. கார்டு இல்லாமல் ஓட்டினால் ஒரு மணி நேரப் படம் முடிய ஒரு பகலும் போதாது.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். அந்த சாஃப்ட்வேருக்குள் ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதைச் செய்தவர்கள், தாங்கள் சோதித்துப் பார்த்த கார்டுகளின் பெயர்களை மட்டும் அதில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்களுக்குக் கீழே தன் கார்டின் பெயரையும் தட்டிச் சேர்த்தாள். தொழிலில் பலரும் செய்வதுதான். சாஃப்ட்வேர் நம்பிவிட்டது. மெதுவாகத்தான் ஓடும் என்று திரையில் காட்டிய சிவப்புக் கோடு, வேகத்தைக் காட்டும் மஞ்சளானது, படம் பறந்தது. ஒரே நாளில் இரண்டு படங்களை முடித்துத் தள்ளினாள். ஒன்று பல்லி இறங்கப்போகும் புகைபோக்கி. இன்னொன்று வேறோர் இடத்துத் தானியக் கிடங்கு.

"வீட்டுக்குள்ளயே ஒரு ஸ்டூடியோ வச்சிருக்கோம்" என்று கேமராக்காரர் சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொன்னார். பெயரைச் சேர்த்த விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

இன்று காலை பல்லி தன் சுத்தியல்களோடு புகைபோக்கிக்குப் புறப்பட்டான். கேமராக்காரர் கிடங்குப் படத்தை எடுத்துக்கொண்டு வேறு திசையில் போனார். வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும்.

சின்னவள் டீயோடு அறைக்குள் வந்தாள். இரண்டு தம்ளர் கொண்டு வந்திருந்தாள். அப்போதே பெரியவளுக்குப் புரிந்தது, இவள் ஏதோ கேட்க வந்திருக்கிறாள்.

"அக்கா, அவர் இறங்குற இடத்தை எனக்கு ஒரு தடவை காட்டுங்களேன். கண்ணால பார்த்துட்டா பயம் போயிடும்னு சொல்றார்."

"பார்த்தா பயம் கூடும்னுதான் நான் இத்தனை நாளா காட்டல."

"பார்க்காமலே கூடிக்கிட்டுதான் இருக்கு."

பெரியவள் சிரித்துக்கொண்டே நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். படம் ஓடியது. வட்டமான சுவர், கரிய செங்கற்கள், ஓரத்தில் ஏறிக்கொண்டே போகும் எண். கேமரா மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பெரியவளுக்கு இது மாவு அரைக்கும் சத்தம் மாதிரி, கவனமே தேவைப்படாதது. சின்னவளோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்தாள். அந்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் தன் புருஷனைத் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க. இந்தச் செருப்பு முன்னாடியே வந்துச்சே."

"எந்தச் செருப்பு?"

திரையில் ஒரு கறையைத் தொட்டுக் காட்டினாள். கரி வழிந்து உறைந்த கறை. சொன்னபிறகு பார்த்தால், ஒரு பக்க வார் அறுந்த செருப்புப் போலத்தான் இருந்தது.

"மேல வந்தப்பவே நினைச்சேன், யாரோ காதறுந்த செருப்பை உதறிட்டுப் போன மாதிரி இருக்கேன்னு. இப்போ மறுபடியும் அதே வருது."

"ஒரே கரி, ஒரே புகை. கறை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"செருப்பு ஒரே மாதிரி இருக்கலாம் அக்கா. அறுந்த காதுமா?"

பெரியவள் படத்தைப் பின்னால் ஓட்டினாள். முப்பத்தொன்றாவது மீட்டரில் காதறுந்த செருப்பு. அதன் நுனியில் விளக்கு பட்டு மின்னும் ஒரு நீர்த்துளி. முன்னால் ஓட்டினாள். நாற்பத்து நான்காவது மீட்டரில் காதறுந்த செருப்பு. நுனியில் அதே நீர்த்துளி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 

எண் மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தது. அதற்குப் பின்னால் சுவர் ஓடவில்லை. காட்டிய சுவரையே கார்டு மறுபடி காட்டியிருந்தது. பாடம் தெரியாத பிள்ளை, கேள்வி மாறினாலும் தெரிந்த விடையையே ஒப்பிப்பது போல. சாஃப்ட்வேர் அதை நம்பியது, ஏனென்றால் நம்பச் சொல்லிப் பெயர் எழுதிக் கொடுத்தது அவள். அவளும் அன்றைக்குத் தொடக்கத்தைப் பார்த்தாள், முடிவைப் பார்த்தாள், எண் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தாள். எவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று பூரித்துப்போனாள். நடுவில் பார்க்கவில்லை.

அப்படியானால் முப்பத்தொன்றுக்குக் கீழே உண்மையில் என்ன சுவர் இருக்கிறது?

"அக்கா, என்ன ஆச்சு? ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், உங்களிடம் மறைக்க மாட்டேன், அவள் கை, படத்தை மூடும் பொத்தானை நோக்கி மவுஸை நகர்த்தியது. சொன்னால் இந்த அறை போய்விடும். நாற்காலி போய்விடும். ஓய்வு வந்துவிடும்.

பிறகு கை தானாகவே மேசையை விட்டு விழுந்தது. அவள் சொன்னாள். கார்டு, கோப்பு, எழுதிச் சேர்த்த பெயர், எல்லாவற்றையும். சின்னவளுக்கு அதில் பாதி புரியவில்லை. புரிய வேண்டிய பாதி புரிந்தது.

"அப்போ அவர் பார்க்காத சுவத்துல போய் சுத்தியலால அடிப்பார். அதானே?"

"அதான்."

பல்லியின் போனுக்கு அடித்தார்கள். மணி அடித்துக்கொண்டே போனது, எடுக்கவில்லை. பொறியாளர் நம்பர் கேமராக்காரரிடம்தான் இருக்கிறது. அவர் போனோ தொடர்பு எல்லைக்கு வெளியே.

"நான் கார்டைத் துண்டிச்சுட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடறேன்" என்று பெரியவள் திரும்பவும் உட்கார்ந்தாள். "உறுதியா தெரியாம போய் நின்னு, ஒண்ணுமில்லாம போயிட்டா…"

வேக வசதியை அணைத்தாள். மஞ்சள் கோடு முழுக்கச் சிவப்பானது. முடிய மாலை ஆகும் என்று திரை சொன்னது.

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லாம போனா என்ன அக்கா ஆகும்? ரெண்டு பேரும் பைத்தியம்னு சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். நீங்க உறுதி பண்ணிட்டு வாங்க, நான் கிளம்பறேன்."

"இரு. கொஞ்சம் இரு."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எடிட்டிங் சாஃப்ட்வேரே வேண்டாமே. கேமரா பிடித்த படம் பிடித்தபடி டிஸ்க்கில் கிடக்கிறதே. பயம் வந்தால் மனிதனுக்கு வீட்டு வாசலே மறந்துவிடுகிறது. அதைச் சாதாரணமாக வீடியோ பார்க்கும் பிளேயரில் திறந்தாள். ஒரே இருட்டு, ஒரே புள்ளி மொய்ப்பு. கேமரா செருப்புக் கறையைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. விளக்கொளி சுவரில் விழுந்த விதம் மாறியது.

செங்கற்கள் நேராக நிற்கவில்லை. சுவர் வயிறு தள்ளி நின்றது. ஒரு கட்டிலை நிமிர்த்திச் சாய்த்த அகலத்துக்கு, உள்பக்கமாகப் பிதுங்கி, பிதுங்கலின் மேல்விளிம்பில் கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது.

 பெரியவள் தன் போனால் அந்தத் திரையை அப்படியே படம் பிடித்துக்கொண்டாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

சின்னவள் பின்னால் உட்கார்ந்தாள். பெரியவளைத் தொடவில்லை. வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெரியவளுக்கு முதுகுப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்து கிடப்பது போல் இருந்தது.

லாரி ஒன்று முன்னால் அசைந்து அசைந்து போனது. வழிவிட மாட்டேன் என்றது. அதன் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது சின்னவள் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் பேரை எழுதறப்போ, இது தப்பா போகலாம்னு தெரியுமா உங்களுக்கு?"

"வேலை செய்யும்னு நினைச்சேன்மா."

"நினைச்சீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று பெரியவளுக்குத் தோன்றியது.

புகைபோக்கி தூரத்திலேயே தெரிந்தது. அடுப்பு அணைத்துப் பல நாளாகியும் அதன் வாய்விளிம்பு கறுத்திருந்தது. பக்கத்தில் போகப் போக அது உயர்ந்துகொண்டே வந்தது.

வாயில் காவலாளி கையை நீட்டி மறித்தார். வேலையாட்களின் போன்களை வாங்கி வைக்கும் மரப்பெட்டி அவர் மேசையில் இருந்தது. அதற்குள்ளிருந்து பல்லியின் போன் அடித்தது. சின்னவள் இன்னும் அழைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலேர்ந்து இந்தப் பெட்டி கத்திக்கிட்டே கிடக்கு. அது நீதானாம்மா? அவன் வேலைய முடிச்சுட்டுத்தான் பேசுவான். அதுவரைக்கும் பொறுக்காதா?"

"பொறுக்காதுங்க" என்றாள் சின்னவள். "பொறியாளரைக் கூப்பிடுங்க. அவர் வர்றவரைக்கும் நான் இங்கேயே நிப்பேன். வரலைன்னா உள்ளே ஓடுவேன். உங்க வயசுக்கு என்னைத் துரத்த முடியாது."

காவலாளி அவள் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் வாக்கிடாக்கியை எடுத்தார்.

பொறியாளர் எரிச்சலோடுதான் வந்தார். பெரியவள் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் காணாமல் போயிருந்தன.

"நான் குடுத்த படம் தப்பு சார். நடுவுல ஒரு பகுதி வரவே இல்ல. மேல வந்த சுவரையே திரும்பக் காட்டுது. நம்பர் மட்டும்தான் ஓடுது. என் கம்ப்யூட்டர்ல நான் செஞ்ச தப்பு. உண்மையான சுவர் இதுல இருக்கு."

அவர் போனை வாங்கி, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார்.

"இது எந்த மட்டம்?"

"முப்பத்தொண்ணுக்குக் கீழே."

அவர் திரும்பி ஓடினார். நல்ல மனிதர், ஏன் எப்படி என்று கேட்டு நிற்கவில்லை. ஓடிக்கொண்டே வாக்கிடாக்கியில் பேசினார். "மேல யாரு? அவன் எங்க இருக்கான் இப்போ?"

கரகரவென்று பதில் வந்தது. "முப்பதைத் தொட்டுட்டான் சார். நல்லா போய்க்கிட்டிருக்கு."

பெண்கள் இருவரும் பின்னால் ஓடினார்கள். யாரும் தடுக்கவில்லை. புகைபோக்கியின் அடியில் கரி அள்ளும் சிறிய இரும்புக் கதவு திறந்திருந்தது. அதன் வழியே சத்தம் கேட்டது. டொக். டொக். டொக். மேலே எங்கேயோ, இருட்டுக்குள், பல்லி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தான்.

"அடிக்கிறதை நிறுத்தச் சொல்லு. கயித்தை இழுத்துக் காட்டு. உடனே" என்று பொறியாளர் வாக்கிடாக்கியில் கத்தினார்.

உள்ளே வாக்கிடாக்கி எடுக்காது. மேலே நிற்பவர்கள் கயிற்றை மூன்று முறை இழுத்தால், நிறுத்திவிட்டு மேலே வா என்று அவர்களுக்குள் ஒரு பழக்கம்.

டொக். டொக்.

பிறகு ஒரு சத்தம் வந்தது. அது சுத்தியல் சத்தம் இல்லை. பானை கவிழ்ந்து உருள்வது போல, எங்கோ தொடங்கி, சுவரில் மோதி மோதிக் கீழே வந்தது. இரும்புக் கதவின் வழியே கரித்தூசி குபுகுபுவென்று வெளியே தள்ளியது. பொறியாளர் இரண்டு பெண்களையும் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். பெரியவளைக் கேட்டால் ஓர் ஆயுசு என்பாள். சின்னவள் தலையை அண்ணாந்து அந்தக் கறுத்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை இமைக்கவில்லை. தூசி விழுந்து கண்ணீர் வழிந்தபோதும் இமைக்கவில்லை. பெரியவளுக்கு அவள் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

விளிம்பின் மேல் ஏதோ அசைந்தது. முதலில் ஒரு கை. பிறகு ஒரு தலை. பிறகு, சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்லத் தாண்டும் ஒரு சின்னக் கறுப்பு உருவம்.

"பல்லி" என்றாள் சின்னவள். அவள் தன் புருஷனை அந்தப் பெயரால் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவன் வெளி ஏணி வழியே கீழே வந்து சேர்ந்தபோது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாக இருந்தன. தலைக்கவசத்தில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"கடைசி அடிக்குச் சுவர் பதில் சொல்லுச்சு சார். உள்ளே வெறும் பொந்து சத்தம். என்னடா இதுன்னு யோசிக்கிறப்போ கயிறு இழுத்துச்சு. நான் மேல போக, அது கீழ போயிடுச்சு. ஒரு கல்லு மட்டும் போற போக்குல தலையில தட்டி விசாரிச்சுட்டுப் போச்சு." பிறகுதான் பெண்களைப் பார்த்தான். "நீங்க எங்க இங்க? சாப்பாடா கொண்டு வந்தீங்க?"

சின்னவள் அவன் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். கரி அவள் கையில் ஒட்டிக்கொண்டது. கையை எடுக்கவில்லை.

பெரியவள் இன்னொரு தடவை எல்லாவற்றையும் சொன்னாள்.   "கண்டுபிடிச்சது நான் இல்ல. உன் பொண்டாட்டி."

பல்லி தலைக்கவசத்தைக் கழற்றி, நசுங்கின இடத்தைத் தடவிப் பார்த்தான். அவளைக் குற்றம் சொல்ல வாய் எடுத்தானோ என்னவோ, எடுத்த வாய் அப்படியே நின்றது.

"அண்ணி. அண்ணன் காலையில எடுத்துட்டுப் போனாரே, கிடங்குப் படம். அது எதுல பண்ணது?"

பெரியவள் போனைக் கையில் எடுத்தாள்.

அதே கார்டில். அதே மஞ்சள் கோட்டில். இந்தக் கலவரத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. கிடங்கின் சுவரில் பழைய தானியம் பாளம் பாளமாக ஒட்டியிருக்கும். அது சரிந்தால் கீழே நிற்கும் ஆள் இருக்கும் இடம் தெரியாமல் மூடிப்போவான். கேமராக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. புது இடம் என்றால், "என் வீட்டுல செஞ்ச படம், என்னை நம்புங்க" என்று சொல்லி, வேலையாட்களுக்கு முன்னால் தானே உள்ளே நடந்து காட்டுவார்.

அவர் போனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

"நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள நீங்க போயிடுங்க, நான் பின்னாலேயே வர்றேன்" என்று பல்லி சொல்லத் தொடங்கியவன், "குளியல் எதுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டான். பொறியாளர் கிடங்குக்காரர்களின் நம்பரைத் தேடி யார் யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். யாரையும் கூட வா என்று கூப்பிடவில்லை. 

வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தது. பின்னால் சின்னவள் ஏறி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை பின்கம்பியைத் தேடவில்லை. கரி படிந்த இரண்டு கைகளாலும் பெரியவளின் இடுப்பைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போங்க அக்கா. லாரி வந்தா ஹாரன் அடிங்க. அழுதுக்கிட்டு ஓட்டாதீங்க, ரோடு தெரியாது."

வண்டி வாயிலைத் தாண்டியது. காவலாளி இந்தத் தடவை கதவை முன்பே திறந்து வைத்திருந்தார்.

மிச்சம் அடுத்த வாரம். எழுந்து போங்கள் கண்ணுகளா, உங்கள் வீட்டில் உங்களைத் தேடுவார்கள். இன்று காலை உங்கள் வாசலைத் தாண்டிப் போன கால்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வரட்டும். பொழுது சாயும்போது உங்கள் வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள் ஒரு ஜோடிகூடக் குறையாமல் இருக்கட்டும்.